"மேலிருந்து கீழே குறையும்": ஒரு வரி விடையும் அதில் விடுபட்ட காரணமும்

"தொகுதியில் மேலிருந்து கீழே போகப்போக அயனியாக்கும் ஆற்றல் குறையும். வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப்போக அது கூடும்." படிவம் 6-இலோ மெட்ரிகுலேஷனிலோ வேதியியல் எடுக்கும் மாணவர் எவரைக் கேட்டாலும் இந்த இரண்டு வரியைத் தூக்கத்தில்கூட ஒப்பித்துவிடுவார். ஏன் குறைகிறது என்று கேட்டால், "அணு ஆரம் கூடுது, அதனால குறையுது" என்பார். சரி, அணுக்கருவில் புரோட்டானும் கூடிக்கொண்டே போகிறதே, அப்படியென்றால் இழுப்பும் கூட வேண்டாமா என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும்.

பிள்ளைகள் மீது குறையில்லை. அவர்கள் படிக்கும் குறிப்பிலேயே பேச்சு அங்குதான் நிற்கிறது. கம்போங் ராஜாவில் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியல் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வருகிறார்கள். அதன்பின் வேதியியல் மலாயிலோ ஆங்கிலத்திலோதான். புரியாத இடத்தில் தமிழ் விளக்கம் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் குறிப்புகள், இலங்கை உயர்தரக் குறிப்புகள், யாரோ சுருக்கி எழுதிக் கைமாறி வந்த பக்கங்கள் என்று எதையாவது கண்டுபிடித்துக் கொண்டு வந்து, "டீச்சர், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று தமிழாசிரியரிடம் நீட்டுகிறார்கள்.

வேதியியல் நான் நடத்தும் பாடமில்லை. ஆனால் ஒரு பத்தி காரணம் சொல்கிறதா, காரணம் சொல்வதுபோல் பாவனை செய்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது மொழிப்பாடத்தின் வேலைதான். அந்தக் கண்ணோடு, ஆக்சிஜன் தலைமையிலான 16-ஆம் தொகுதி பற்றி இந்தக் குறிப்புகள் சொல்வதை இங்கே அலசிப் பார்க்கிறேன்.

பெயர் பல, பொருள் ஒன்று

முதலில் சொற்களைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல் "அயனியாக்கும் ஆற்றல்" என்கிறது. இலங்கை நூல்கள் "அயனாக்கற் சக்தி" என்கின்றன. அங்கே தனிமம், இங்கே மூலகம். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே தொகுதி, இங்கே கூட்டம். ஆக்சிஜன் இலங்கையில் ஒட்சிசன். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அதே பொருள் உயிர்வளி. மலாய்ப் பாடநூலில் "தெனாகா பெங்கியோனான்" என்று பார்த்த பிள்ளை, தமிழில் இரண்டு பெயரைப் பார்த்ததும் இரண்டும் வேறுவேறு என்று நினைத்துவிடுகிறது. இச்சொற்களை நான்கு பத்திகளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டால் இந்தக் குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

சொல் பஞ்சம் நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் "கெமிஸ்தம்" என்ற வேதியியல் நூல் 1875-இலேயே தமிழில் வந்துவிட்டது. ஆக, தமிழில் வேதியியல் எழுத முடியுமா என்பது பழைய கேள்வி. எழுதும்போது காரணத்தை முழுதாக எழுதுகிறோமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

சால்கோஜன் என்பது 16-ஆம் தொகுதியின் குடும்பப் பெயர். ஆக்சிஜன், கந்தகம், செலினியம், டெல்லூரியம், பொலோனியம் ஆகியவை அதில் அடங்கும். ஆறாவதாக 116-ஆம் தனிமமான லிவர்மோரியமும் உண்டு. அது ஆய்வகத்தில் சில அணுக்களாக மட்டுமே உண்டாக்கப்பட்டது. அதற்குக் கணக்கிட்ட மதிப்புதான் உண்டு, அளந்த மதிப்பு இல்லை. எனவே ஐந்தை மட்டும் பார்ப்போம்.

வரையறையையும் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயு நிலையில் தனித்தனியாக இருக்கும் அணுக்களிலிருந்து, மிகத் தளர்வாகப் பிணைந்திருக்கும் எலக்ட்ரானை அணுவுக்கு ஒன்றாக நீக்கத் தேவைப்படும் ஆற்றலே முதல் அயனியாக்கும் ஆற்றல். ஒரு மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் சொல்வார்கள். "வாயு நிலை", "தனித்த அணு" என்ற இரண்டையும் பல குறிப்புகள் விட்டுவிடுகின்றன. கடையில் வாங்கும் மஞ்சள் கந்தகத்தூளில் எட்டெட்டு அணுக்கள் வளையமாகச் சேர்ந்திருக்கின்றன. நாம் பேசும் எண் அந்தத் தூளுக்கு உரியதன்று.

ஐந்து எண்கள் சொல்வது

ஆக்சிஜன் 1314, கந்தகம் 1000, செலினியம் 941, டெல்லூரியம் 869, பொலோனியம் 812. எல்லாம் கிலோஜூல்/மோல், முழு எண்ணாக்கியவை.

குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் எப்படிக் குறைகிறது? ஆக்சிஜனிலிருந்து கந்தகத்துக்கு 314 இறங்குகிறது. அடுத்த படியில் 59 மட்டும். அதற்கடுத்து 72. கடைசிப் படியில் 57. முதல் படி மலைச்சரிவு மாதிரி. மற்றவை நம் தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டு மாதிரி. "குறையும்" என்ற ஒரே வினைச்சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கி மூடிவிடுகிறது. ஆக்சிஜன் ஏன் தன் குடும்பத்திலேயே தனித்து நிற்கிறது என்ற கேள்வி பிள்ளைக்கு எழவே வாய்ப்பில்லை.

காரணம் கஷ்டமானதன்று. ஆக்சிஜனிலிருந்து கந்தகத்துக்குப் போகும்போது 8 புரோட்டான் கூடுகிறது. கூடவே ஒரு முழு எலக்ட்ரான் கூடும் கூடுகிறது. அணு சட்டென்று பெரிதாகிறது. சகப்பிணைப்பு ஆரத்தைப் பார்த்தால் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 66 பிக்கோமீட்டர், கந்தகத்துக்கு 105. ஆனால் கந்தகத்திலிருந்து செலினியத்துக்கு வரும்போது 18 புரோட்டான் கூடுகிறது. இடையில் 3டி ஆர்பிட்டாலில் 10 எலக்ட்ரான்கள் வந்து அமர்கின்றன. இந்த டி எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை வெளியே உள்ளவற்றிடமிருந்து நன்றாக மறைப்பதில்லை. ஓட்டை விழுந்த குடை மாதிரி. அதனால் செலினியத்தின் வெளி எலக்ட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட உள்ளே இழுபட்டு நிற்கின்றன. ஆரம் 120-க்குத்தான் வளர்கிறது. ஆற்றலும் கொஞ்சம்தான் இறங்குகிறது. டெல்லூரியத்திலிருந்து பொலோனியத்துக்கு வரும்போது 32 புரோட்டான் கூடுகிறது. அங்கே 4எஃப் எலக்ட்ரான்கள் 14 சேர்கின்றன, அவற்றின் மறைப்பு இன்னும் மோசம். 57 மட்டும் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

"மேலிருந்து கீழே குறையும்" என்பது எல்லாத் தொகுதிக்கும் பொருந்தும் விதியும் அல்ல. பக்கத்திலேயே 13-ஆம் தொகுதியைப் பாருங்கள். அலுமினியம் 578, அதற்குக் கீழே உள்ள காலியம் 579. இண்டியம் 558, அதற்குக் கீழே தாலியம் 589. இறங்க வேண்டிய இடத்தில் ஏறிவிட்டது. செலினியத்துக்கு நாம் சொன்ன அதே 3டி காரணம் காலியத்துக்கும் பொருந்துகிறது. விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் காலியம் ஒரு விதிவிலக்கு. இன்னொரு வரி மனப்பாடம். காரணத்தைப் படித்த பிள்ளைக்கு அது விலக்கே இல்லை.

'ஆனால்' இல்லாத விளக்கம்

"அணு ஆரம் கூடுகிறது, ஆகவே குறைகிறது" என்ற வாக்கியத்தில் 'ஆகவே' இருக்கிறது, 'ஆனால்' இல்லை. அதுதான் அதன் குறை.

8 புரோட்டான் உள்ள ஆக்சிஜனைவிட 84 புரோட்டான் உள்ள பொலோனியம் எலக்ட்ரானை இன்னும் இறுகப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பது தப்பான யோசனை இல்லை. அது நியாயமான தடை. நம் இலக்கண உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட தடையை அவர்களே எழுப்புவார்கள். படிப்பவன் மனத்தில் வரக்கூடிய மறுப்பை முதலில் சொல்லி, பிறகு விடை கூறி, அதன்பின்தான் முடிவுக்கு வருவார்கள். சேனாவரையர் உரையைப் படித்த ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. அறிவியல் விளக்கத்துக்கும் இதே முறைதான் தேவை.

தடை: அணுக்கருவின் மின்னூட்டம் கூடுகிறதே? விடை: கூடுகிறது, ஆனால் உள்ளே உள்ள எலக்ட்ரான்கள் அந்த இழுப்பில் பெரும்பகுதியை மறைக்கின்றன, வெளி எலக்ட்ரானும் தொலைவுக்குப் போய்விடுகிறது. இரண்டும் சேர்ந்து மின்னூட்டத்தின் கூடுதலை வென்றுவிடுகின்றன. எங்கே மறைப்பு பலவீனமோ அங்கே வெற்றியின் அளவும் குறைகிறது. இந்த நான்கு வாக்கியம் இருந்தால் 314-உம் விளங்கும், 59-உம் விளங்கும்.

'அரைநிரம்பிய நிலைத்தன்மை' என்ற முத்திரை

இரண்டாவது வரிக்கு வருவோம்: "இடமிருந்து வலமாகக் கூடும்." நைட்ரஜன் 1402, அடுத்த ஆக்சிஜன் 1314, அதற்கடுத்த புளூரின் 1681. நடுவில் ஆக்சிஜன் இறங்கி நிற்கிறது. தேர்வில் பிடித்துப் பிடித்துக் கேட்கும் இடம் இதுதான். குறிப்புகள் தரும் விடை: "நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் அரைநிரம்பியவை, அரைநிரம்பிய அமைப்பு அதிக நிலைத்தன்மை வாய்ந்தது." சில குறிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், "நைட்ரஜன் தன் நிலையைக் கலைக்க விரும்பாது" என்கின்றன. வகுப்பில் வாய்ப்பேச்சாகச் சொல்ல அது நல்லாத்தான் இருக்கும். விடைத்தாளில் அணுவுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது.

எனக்குள்ள மறுப்பு அந்த உருவகத்தின் மேல் அல்ல, 'நிலைத்தன்மை' என்ற சொல் செய்யும் வேலையின் மேல். நைட்ரஜனுக்கு ஏன் ஆற்றல் அதிகம்? நிலைத்தன்மை அதிகம். நிலைத்தன்மை அதிகம் என்று எப்படித் தெரியும்? எலக்ட்ரானை எடுக்க ஆற்றல் அதிகம் தேவைப்படுகிறது. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

இந்த முத்திரை எவ்வளவு தூரம் செல்லும் என்று சோதித்துப் பார்க்கலாம். 15-ஆம் தொகுதித் தனிமங்கள் எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் மூன்று பி எலக்ட்ரான்கள்தான், எல்லாம் அரைநிரம்பியவைதான். அப்படியானால் ஒவ்வொரு வரிசையிலும் 16-ஆம் தொகுதி கீழே இறங்க வேண்டும்.

நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314: 88 இறக்கம்.
பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000: 12 இறக்கம்.
ஆர்சனிக் 944, செலினியம் 941: 3 இறக்கம்.
ஆன்டிமனி 831, டெல்லூரியம் 869: 38 ஏற்றம்.
பிஸ்மத் 703, பொலோனியம் 812: 109 ஏற்றம்.

(பழைய பட்டியல்களில் ஆர்சனிக்குக்கு 947, ஆன்டிமனிக்கு 834 என்று இருக்கும். அதை எடுத்தாலும் முடிவு மாறாது.)

நான்காவது வரிசோடியிலேயே முத்திரை உடைந்துவிட்டது. அரைநிரம்பிய ஆன்டிமனியைவிட டெல்லூரியம் எலக்ட்ரானை இறுகப் பிடிக்கிறது. இந்த ஐந்து சோடிகளையும் வரிசையாகத் தரும் குறிப்பு எதுவும் பிள்ளைகள் கொண்டு வந்ததில் இல்லை. முதல் சோடியோடு நிறுத்திக்கொண்டால் எந்த விளக்கமும் சரியாகத்தான் தெரியும்.

இதைவிட நல்ல விளக்கம் இருக்கிறது. நைட்ரஜனின் மூன்று 2பி எலக்ட்ரான்களும் ஆளுக்கொரு ஆர்பிட்டாலில் இருக்கின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒருவர் இருக்கும் ஆர்பிட்டாலில் இரண்டாமவராகப் போய்ச் சேர வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு எதிர்மின்கள் நெருங்கி இருப்பதால் விலக்கம் கூடுகிறது. அந்த எலக்ட்ரானை வெளியே எடுப்பது எளிதாகிறது. மறுபுறம் ஒரு புரோட்டான் கூடியதால் இழுப்பும் கூடுகிறது. இரண்டும் எதிரெதிர். ஆக்சிஜன் அணு சிறியது, சின்ன வீட்டில் இரண்டு குடும்பம் மாதிரி, நெருக்கடி அதிகம். எனவே விலக்கம் வெல்கிறது. கீழே போகப்போக ஆர்பிட்டால் பெரிதாகிறது, நெருக்கடி தளர்கிறது. 88, 12, 3 என்று இறக்கம் சுருங்கி, டெல்லூரியத்தில் புரோட்டானின் இழுப்பு முந்திவிடுகிறது. பிஸ்மத், பொலோனியம் போன்ற கனமான அணுக்களில் இன்னொன்றும் சேர்கிறது: சார்பியல் விளைவால் 6பி ஆர்பிட்டால்கள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பிஸ்மத்தின் மூன்றாவது பி எலக்ட்ரான் மேல்மட்டத்தில் தனியாக நிற்பதால் எளிதில் கழன்றுவிடுகிறது. 'அரைநிரம்பியது' என்ற பேச்சே அங்கே பொருளிழக்கிறது.

இந்த விளக்கத்தையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரான் போன பிறகு மிச்சம் மூன்று 2பி எலக்ட்ரான், நைட்ரஜன் மாதிரியே. புளூரினிலிருந்து ஒன்று போனால் மிச்சம் நான்கு. பழைய ஆக்சிஜன் மாதிரி. அப்படியென்றால் இரண்டாம் அயனியாக்கும் ஆற்றலில் ஆக்சிஜன் புளூரினை முந்த வேண்டும் அல்லவா? பட்டியலைப் பாருங்கள்: ஆக்சிஜன் 3388, புளூரின் 3374. முந்திவிட்டது. ஒரு விளக்கம் அடுத்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதை நம்பலாம்.

எண்ணைப் பார்த்தவருக்குக் கிடைத்தது

ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்குற தனிமம்தானே டீச்சர்? அது கொடுக்குற கணக்கை நாம ஏன் படிக்கணும்?" நியாயமான கேள்வி. இங்கே தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்து காற்றுப் பட்டுப் பச்சையிலிருந்து செம்பழுப்பாக மாறுவதே, இலையின் நொதிகள் துணையோடு ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் வேலைதான். ஆக்சிஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது யாருக்கு வேண்டும்?

கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளருக்கு வேண்டியிருந்தது. பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற கடுமையான சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டார். பிறகு அயனியாக்கும் ஆற்றல் பட்டியலைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 1170 கிலோஜூல்/மோல். செனான் அணுவுக்கும் ஏறக்குறைய அதேதான். (ஆக்சிஜன் அணுவின் 1314-ஐயும் மூலக்கூறின் மதிப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆக்சிஜனிடம் பறிக்க முடிந்தால் செனானிடமும் பறிக்க முடியும் அல்லவா? 1962-இல் இரண்டையும் சேர்த்தார். உடனே ஆரஞ்சு மஞ்சள் நிறத் திண்மம் உண்டானது. செனான் போன்றவை வினையே புரியா என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. காரணம் என்ன சொன்னார்கள்? நிரம்பிய கூடு, அதனால் 'நிலைத்தன்மை'. அதே சொல்தான். முத்திரையை நம்பியவர்கள் நின்ற இடத்தில், எண்ணை ஒப்பிட்டவர் ஓர் அடி முன்னே வைத்தார்.

எப்படி எழுதலாம்

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு மாதிரி. "கந்தகத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் பாஸ்பரஸைவிடக் குறைவு. காரணம் கூறுக." என்ற கேள்விக்கு:

"கந்தகத்தில் ஒரு புரோட்டான் கூடுதலாக இருப்பதால் அணுக்கருவின் இழுப்பு பாஸ்பரஸைவிட அதிகம். எனினும், பாஸ்பரஸின் மூன்று 3பி எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டால்களில் உள்ளன. கந்தகத்தின் நான்காவது 3பி எலக்ட்ரான் ஓர் ஆர்பிட்டாலில் சோடி சேர்கிறது. சோடி எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம், கூடுதல் இழுப்பைவிட மிகுதி. ஆகவே அந்த எலக்ட்ரானை நீக்கக் குறைந்த ஆற்றல் போதும்."

ஐந்தே வாக்கியம். தடை இருக்கிறது, விடை இருக்கிறது, எது எதை வென்றது என்பதும் இருக்கிறது. உங்கள் விரிவுரையாளர் 'அரைநிரம்பிய' என்ற சொல்லை எதிர்பார்த்தால் அதையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மலாயில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே ஐந்து படிதான். தமிழில் ஒருமுறை நன்றாக யோசித்து முடித்தால், மொழி மாற்றுவது சின்ன வேலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்து விளக்கக் கட்டுரைக்கு 'எனினும்', 'ஏனெனில்', 'ஆகவே' ஆகிய சொற்களைப் பயிற்சி தரும்போது மேலே உள்ள ஐந்து சோடி எண்களை அறிவியல் பிரிவு மாணவர்களிடம் கொடுத்து, 120 சொல்லில் விளக்கச் சொல்லிப் பாருங்கள். 'எனினும்' எங்கே வர வேண்டும் என்று எண்களே சொல்லிக்கொடுக்கும். தமிழ் மனப்பாடத்துக்கு, சிந்தனைக்கு வேறு மொழி என்று நம் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வரி விடைகளை மட்டுமே தமிழில் கொடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் அப்படி முடிவெடுப்பதில் ஆச்சரியம் எதுவுமில்லை.